ஓடக் கற்றுக்கொடுத்தவர்; ஓட முடியாமல் போனவர்!

1962-ம் ஆண்டு டிசம்பர் மாதம். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரம். ஞாயிற்றுக்கிழமை காலை.

ஒரு பூங்காவில் ஆண்களும் பெண்களும் கூடி இருந்தார்கள். அவர்களில் யாரும் பந்தய வீரர்கள் அல்ல. குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வந்த தாய்மார்கள், தலை நரைத்த பெரியவர்கள். எல்லோரும் மெல்ல ஓடத் தொடங்கினார்கள். அருகில் இருந்த குன்றை நோக்கி அந்தக் கூட்டம் நகர்ந்தது.

அவர்களோடு ஓர் அமெரிக்கரும் ஓடினார். நல்ல உயரம். அகன்ற தோள்கள். வயது 51. அவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர். உலக சாதனை படைத்த வீரர்களை உருவாக்கியவர். பெயர், பில் பவர்மன்.

அரை மைல் தூரம் வரை தாக்குப்பிடித்தார். குன்றில் ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. கால்கள் கெஞ்சின. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். பெண்கள் கடந்தார்கள். கிழவர்கள் கடந்தார்கள். பயிற்சியாளர் பின்தங்கினார்.

70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் அவர்மீது இரக்கப்பட்டார். தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக வந்தார். சுருக்கு வழி காட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அழைத்துச் சென்றார். பெரியவர் பேசினார், பவர்மனால் பதில் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கு மூச்சு இல்லை!

அந்தப் பெரியவர் ஏற்கனவே மாரடைப்பு கண்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பவர்மனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இளைஞர்களை எல்லாம் ஓட வைத்த அவர், தாம் ஓடுவதை எப்போதோ விட்டுவிட்டார். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நிற்பவராக ஆகிவிட்டார்.

இளமை

பவர்மன் 1911-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டு நகரில் பிறந்தார். தந்தை ஜே பவர்மன் அரசியல்வாதி. அந்த மாநிலத்தின் தற்காலிக கவர்னராகச் சில மாதங்கள் இருந்தவர்.

பவர்மனோடு இரட்டையராகப் பிறந்தவன் தாமஸ். குழந்தைப் பருவத்திலேயே மின்தூக்கி விபத்து ஒன்றில் அவன் இறந்தான். தாயும் தந்தையும் பிரிந்தார்கள். தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாசில் என்ற தம் சொந்த ஊருக்குப் போனார். சின்னஞ்சிறு ஊர்.

பிறகு மெட்போர்டு என்ற ஊரில் படிப்பு. பையன் முரடன். அடிதடி என்றால் முதலில் நிற்பான். பள்ளி அதிகாரி ஒருவர் அவனைக் கூப்பிட்டு, தாய்க்கு அவமானம் தேடித் தருவதாகக் கடிந்துகொண்டார். அதன் பிறகு அவன் முரட்டுத்தனம் விளையாட்டில் திரும்பியது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடினான்; ஓட்டப் பந்தயத்திலும் ஓடினான்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலை. 1936-ல் பார்பரா என்ற பெண்ணை மணந்துகொண்டார். இரண்டாவது உலகப் போரில், இத்தாலி நாட்டு மலைகளில் சண்டை செய்த படைப்பிரிவில் இருந்தார். படைக்கு வேண்டிய சாமான்களைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. வீரப் பதக்கங்கள் பெற்றுத் திரும்பினார்.

1948-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆனார். 24 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவரிடம் பயின்றவர்களில் 31 பேர் ஒலிம்பிக் வீரர்கள்!

ஒரு நாள் கடினம், மறுநாள் எளிது

அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு பிழிகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு வீரன் தேறுவான் என்று எண்ணினார்கள். பிழியப்பட்ட பையன்கள் ஒவ்வொருவராக நொண்டத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு முன்னங்கால் எலும்பில் வலி. ஒருவனுக்குக் குதிகாலில் வலி. இன்னொருவனுக்குப் பாதத்தில் வீக்கம்.

பவர்மன் பையன்களைக் கூர்ந்து கவனித்தார். இன்று உயிரைக் கொடுத்து ஓடியவன் நாளையும் அப்படியே ஓடினால் மெலிகிறான். நாளை ஓய்வாக மெல்ல ஓடினால் பலம் பெறுகிறான். இதைக் கண்டுகொண்டதும் தம் முறையை மாற்றினார். ஒரு நாள் கடினமான பயிற்சி. அடுத்த நாள் எளிய பயிற்சி. சிலருக்கு, இரண்டு நாள் கூட எளிய பயிற்சிதான்.

கென்னி மூர் என்று ஒரு மாணவர். உழைப்புக்கு அஞ்சாதவர். எளிய நாளிலும் திருட்டுத்தனமாக மைல் கணக்கில் ஓடுவார். அடிக்கடி நோயில் விழுவார், காலில் அடிபடுவார். ஒரு நாள் பவர்மனுக்குக் கோபம் வந்துவிட்டது. மூரின் கழுத்தைப் பிடித்தார். இனி மூன்று வாரங்களுக்கு, தினமும் மூன்று மைல் மட்டும், அதுவும் மெதுவாகத்தான் ஓடவேண்டும் என்று உத்தரவு போட்டார். மீறினால் ஓரிகன் அணியில் இடம் இல்லை.

மூர் மனம் புழுங்கினார். வேறு வழி இல்லாமல் பணிந்தார். மூன்று வாரம் கழித்து இரண்டு மைல் பந்தயத்தில் ஓடினார். அதுவரை அவர் ஓடிய வேகம் எல்லாம் எங்கோ பின்னால் போய்விட்டது! இதே மூர்தான் பின்னாளில், 1972 ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் உலகிலேயே நான்காவதாக வந்தார்.

மூர் பிற்காலத்தில் எழுத்தாளர் ஆனார். கழுத்தைப் பிடித்த கதையை அவரே எழுதியிருக்கிறார்.

பந்தயம் தெரியாதவர்கள்

ஆக்லாந்துக்கு அவரை அழைத்தவர் ஆர்தர் லிடியார்டு. அவரும் பயிற்சியாளர்தான். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்து பிழைத்தவர். அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல், மறே ஹால்பர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர்கள். பந்தய வீரர்களைப் போலவே சாதாரண மக்களையும் ஓட வைக்கலாம், மெல்ல ஓடினால் போதும் என்று அவர் செய்து காட்டினார்.

நியூசிலாந்தில் பவர்மன் ஆறு வாரம் தங்கினார். தினமும் மெல்ல ஓடினார். ஊர் திரும்பியபோது இடுப்புப் பட்டை தளர்ந்திருந்தது. அந்தப் பெரியவரோடு பேசிக்கொண்டே ஓடவும் பழகிவிட்டார்.

அவர் ஊரான யூஜீனில் ஒரு பத்திரிகை நிருபர் இதைக் கேட்டு எழுதினார். 1963-ம் ஆண்டின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரும்படி பவர்மன் பொதுமக்களை அழைத்தார். முதல் ஞாயிறு ஒரு சிறு கூட்டம் வந்தது. அடுத்த ஞாயிறு அதைவிடப் பெரிய கூட்டம். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள்! தொந்தி விழுந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் நாற்காலியை விட்டு எழாதவர்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

வேறு ஒருவராக இருந்தால் மகிழ்ச்சியால் துள்ளியிருப்பார். பவர்மன் பயந்தார்.

இத்தனை பேரில் யாருக்கு இதயக் கோளாறு இருக்கிறது, யாருக்குத் தெரியும்? ஒருவர் மைதானத்தில் விழுந்து இறந்தால் என்ன ஆவது? அவர் தயங்கவில்லை. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்! முறை ஒன்று வகுத்த பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்.

கூட்டம் சேர்ந்த பிறகு அதைக் கலைக்க ஒரு மனத்துணிவு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

டாக்டரும் பயிற்சியாளரும்

வால்டோ ஹாரிஸ் என்ற இதய டாக்டரைப் பவர்மன் தேடிப் போனார். இருவரும் கூடி உட்கார்ந்தார்கள். நடுத்தர வயதுக்காரர்களை முதலில் டாக்டர் பரிசோதித்தார். பிறகு சிறு சிறு குழுவாகப் பிரித்து ஓடவைத்தார்கள். யாருக்கு எங்கே வலிக்கிறது, யார் எந்த வாரம் சோர்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள்.

அவர்கள் கண்ட முறை மிக எளிது.

புதியவர் முதலில் நடக்கவேண்டும். நடை பழகிய பிறகு, சுமார் 50 கஜ தூரம் மெல்ல ஓட்டம். உடனே 50 கஜ தூரம் நடை. மறுபடியும் ஓட்டம், மறுபடியும் நடை. வாரங்கள் செல்லச் செல்ல, ஓட்டம் சிறிது கூடும். நடை சிறிது குறையும். ஓடிய நாளுக்கு மறுநாள் கால்களுக்கு ஓய்வு, அல்லது வெறும் நடை. இப்படி 12 வாரம்.

வேகம் எவ்வளவு? அதற்குக் கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம். உடனே நடக்கத் தொடங்கவேண்டும். ஆக்லாந்துக் குன்றில் மூச்சுத் திணறி நின்றவர் அல்லவா? அன்று பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

ஏன் இத்தனை மெதுவாகத் தொடங்கவேண்டும்? ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும், உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒரே காலில் விழுகிறது. 60 கிலோ எடை உள்ளவரின் கால், ஒவ்வொரு அடிக்கும் 120 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. ஒரு மைல் ஓடினால், இப்படி 1500 அடிக்கு மேல்!

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். மூன்றே வாரத்தில் மூச்சு இரைப்பது குறையும். புதியவருக்கு உற்சாகம் பிறக்கும். இன்னும் ஒரு மைல் ஓடினால் என்ன என்று தோன்றும். ஆனால் எலும்பும் தசைநாரும் அவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். பாரம் விழுந்த எலும்பு முதலில் சிறிது தேய்ந்து, ஓய்வில்தான் மறுபடி கெட்டிப்படுகிறது. ஓய்வு கொடுக்காமல் ஓடினால் தேய்மானம் மிஞ்சும். நாளடைவில் மயிரிழை போல எலும்பில் விரிசல் காணும். மூன்றாம் நான்காம் வாரத்தில் முன்னங்கால் எலும்பின் ஓரமாக வலி வருவது இதனால்தான். வலி வந்ததும் நின்றவர்கள் பிழைத்தார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடியவர்கள் மாதக்கணக்கில் படுத்தார்கள்.

1967-ல் பவர்மனும் ஹாரிசும் தங்கள் முறையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். மெல்லோட்டம் பற்றிய அந்தச் சிறு புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. தெருவில் ஓடும் பெரியவர்களைப் பைத்தியம் போலப் பார்த்த அமெரிக்கா, விடியற்காலையில் தானே ஓடத் தொடங்கியது.

பூட்ஸ் தைத்த பயிற்சியாளர்

பவர்மனுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. பூட்ஸ்!

1950-களிலேயே அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறடி நீளம் எட்டி வைத்து ஓடுபவன், ஒரு மைலில் 880 எட்டு வைக்கிறான். ஒரு எட்டுக்கு ஓர் அவுன்ஸ் எடையைக் குறைத்தால் போதும். மொத்தம் 880 அவுன்ஸ். அதாவது 55 பவுண்டு. சுமார் 25 கிலோ சுமை! பந்தயத்தில் ஓடுபவன் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்ததுபோல் அல்லவா ஆகும்?

பூட்ஸ் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செருப்புத் தைக்கும் ஒரு தொழிலாளியிடம் வேலை கற்றார். வீட்டிலேயே தைக்கத் தொடங்கினார். கங்காருத் தோலில் தைத்தார். மீன் தோலில்கூடத் தைத்துப் பார்த்தார். சோதனை எல்லாம் மாணவர்களின் காலில்தான். சில பூட்ஸ்கள் இறகு போல இருந்தன. சில, பாதி ஓட்டத்திலேயே பிய்ந்து தொங்கின.

அவரிடம் ஓடிய மாணவர்களில் ஒருவர் பில் நைட். கணக்குப் படித்தவர். ஜப்பானில் இருந்து ஓட்டப் பூட்ஸ் வரவழைத்து விற்க விரும்பினார். 1964-ம் ஆண்டு ஜனவரியில் ஆசிரியரும் மாணவரும் கை குலுக்கிக் கொண்டார்கள். ஆளுக்கு 500 டாலர் முதல். அந்தச் சிறு வியாபாரம்தான் பிறகு நைக்கி என்ற உலகக் கம்பெனியாக வளர்ந்தது.

இந்த நேரத்தில் கென்னி மூரின் பாத எலும்பு முறிந்தது. பவர்மன் மூரின் பூட்ஸை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கிழித்துப் பார்த்தார். குற்றம் பாதத்தில் இல்லை, பூட்ஸில் இருந்தது! குதிகாலுக்கும் விரலுக்கும் மட்டும் மெத்தை வைத்திருந்தார்கள். நடுப்பாதம் தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அது வளைந்து வளைந்து கொடுத்திருக்கிறது.

பவர்மன் புதிய பூட்ஸ் ஒன்றை வகுத்தார். குதிகால் முதல் விரல் வரை ஒரே நீளமாகப் பஞ்சு ரப்பர். குதிகால் சற்று உயரம்; பின்னங்கால் தசைநார் அதிகம் இழுபடாமல் இருக்கும். கோர்ட்டெஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து பெரும் புகழ் பெற்றது. உயர்ந்த குதிகால் நல்லதா கெட்டதா என்று டாக்டர்கள் பின்னாளில் வாதாடினார்கள். 50 கஜ ஓட்டம், 50 கஜ நடை என்பதில் மட்டும் யாரும் குறை காணவில்லை.

அப்ப அச்சு

1970-களின் தொடக்கம். மைதானங்களில் செயற்கைத் தரை போடத் தொடங்கினார்கள். ஆணி வைத்த பூட்ஸ் இல்லாமலே அதைப் பற்றிப் பிடிக்கவேண்டும். புல்லிலும் மண்ணிலும்கூட வழுக்கக் கூடாது. அடித்தோலை எப்படிச் செய்வது? பவர்மனுக்கு இரவும் பகலும் இதே சிந்தனை.

ஒரு நாள் காலை, மனைவி பார்பரா வாபிள் சுட்டுக்கொண்டு இருந்தார். வாபிள் என்பது மேலைநாட்டு அப்பம். மாவை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஊற்றி மூடிச் சுடுவார்கள். திறந்தால், கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த அப்பம் கிடைக்கும். பவர்மன் அந்த அச்சையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்பத்தில் பள்ளம் விழுகிறது. ரப்பரை ஊற்றினால்?

மேடும் பள்ளமுமான அடித்தோல் கிடைக்கும். மேடுகள் தரையைப் பற்றிப் பிடிக்கும். எடையும் குறையும்!

மனைவி வெளியே போன நேரம் பார்த்து, ரப்பர் குழம்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றி மூடினார். அச்சில் எண்ணெய் தடவாமல் தோசை வார்த்தால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. ரப்பர் இறுகியது. மூடி திறக்கவே இல்லை. கல்யாண காலத்து அப்ப அச்சு பாழ்!

பார்பரா அம்மையார் என்ன செய்தார் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். பவர்மன் வேறு அச்சுகள் வாங்கினார். பலமுறை தோற்று, கடைசியில் வெற்றி பெற்றார். 1974-ல் அந்த அடித்தோலுக்குக் காப்புரிமை கிடைத்தது. புதிதாக ஓடத் தொடங்கிய லட்சக்கணக்கான மக்கள் அந்த மேடு வைத்த பூட்ஸை வாங்கி அணிந்தார்கள்.

பசை

மெக்கன்சி ஆற்றங்கரையில், குன்றின்மேல் அவர் வீடு. பூட்ஸ் வேலை செய்யும் இடம் சிறியது; காற்றோட்டம் இல்லாதது. அதில் மணிக்கணக்காக உட்கார்ந்து வெட்டினார், தைத்தார், ஒட்டினார். ஒட்டுவதற்குப் பசை. பசையைக் கரைக்க மூக்கைத் துளைக்கும் நீர்மம். வாசனை தலைக்கு ஏறினாலும் வேலையை விடமாட்டார்.

ஆண்டுகள் சென்றன. பவர்மனின் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒரு கால் சொன்னபடி கேட்கவில்லை. பாதத்தைத் தூக்கி வைக்கச் சிரமப்பட்டார்.

பசையைக் கரைக்கும் நீர்மத்தின் ஆவி அவருடைய நரம்பைத் தின்றிருந்தது! ஜப்பானிலும் இத்தாலியிலும் செருப்புத் தொழிலாளர்கள் பலருக்கு இதே வகைப் பசையால் கை கால் நரம்புகள் கெட்டிருக்கின்றன. சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்திருந்தால் தப்பியிருக்கலாம்.

காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு அவர் நொண்டி நடந்தார். இனி ஓட்டம் இல்லை. ஒரு தேசத்தையே ஓட வைத்தவர், தாம் தைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒரு பர்லாங் தூரம்கூட ஓட முடியாதவர் ஆனார்.

மாணவன் அடிபடாமல் இருக்க, அவன் கழுத்தைப் பிடித்து நிறுத்தியவர் அவர். அவர் கழுத்தைப் பிடித்து, அந்த அறையைவிட்டு வெளியே இழுத்துவர ஆள் இல்லை.

கடைசிக் காலம்

1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்ட அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். இஸ்ரேல் வீரர்களைத் தீவிரவாதிகள் பிடித்த அந்த இரவில், தப்பி ஓடிவந்த ஒரு வீரர் தட்டியது பவர்மனின் கதவைத்தான். அந்தப் படுகொலை அவர் மனத்தை மிகவும் வாட்டியது. சில மாதங்களில் பயிற்சியாளர் வேலையில் இருந்து விலகினார்.

பூட்ஸ் வேலையை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. கம்பெனி வளர்ந்து அவர் பெரும் செல்வர் ஆன பிறகும், ஓட்டக்காரர்களின் பாதத்தை அளந்து பூட்ஸ் வெட்டிக் கொடுத்தார்.

வயது முதிர்ந்ததும், தாயோடு சிறுவனாக வாழ்ந்த பாசில் ஊருக்கே திரும்பினார். 1999-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இரவு, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 88.

அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஆற்றங்கரை வீட்டின் பழைய குப்பைக் குழியை அவர் குடும்பத்தார் தோண்டினார்கள். குப்பை அள்ள வண்டி வராத இடம் அது. வேண்டாத சாமான்களை எல்லாம் குழியில் போட்டுப் புதைப்பது அந்த வீட்டின் வழக்கம். மண்ணுக்குள் இருந்து துருப்பிடித்த ஓர் அப்ப அச்சு வெளியே வந்தது. பவர்மன் பாழாக்கிய அதே அச்சு!

நைக்கி கம்பெனி அதை வாங்கித் தன் தலைமை அலுவலகத்தில், கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது.